பின் சீட்டு

“என்னைப் பொய்யன்னு சொல்லிட்டாங்க அம்மா,” என்றான் செங்கோடன். “நாலு பேருக்கு முன்னால இல்லை. ஊர் உலகத்துக்கு முன்னால.”

தெய்வானையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருங்க சொன்னது?”

“திண்டுக்கல்லுல ஒரு பொம்பளை. ரெஜினான்னு பேரு. என் வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டு வர்றவன் போறவன் எல்லாம் திட்டறான். சோறு இறங்கமாட்டேங்குது. இந்தக் கோபத்தை எப்படி விடறதுன்னு கேட்கத்தான் வந்தேன்.”

செங்கோடன் புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவன். கோயம்புத்தூர்ப் பக்கம் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் அவன் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போவார்கள்.

தெய்வானையம்மா ஆனைமலை அடிவாரத்தில், தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். மனசு நிலைகொள்ளாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவனைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் அவனுக்கு அவர் அம்மா.

“அந்தப் பொண்ணு என்ன எழுதுச்சு?”

“போன வருஷம் ஒரு சின்ன எஸ்யூவி வந்துச்சு. உள்ளே அரண்மனை மாதிரி இருக்கு, பில்ட் குவாலிட்டி பாறை மாதிரி இருக்குன்னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு அந்தம்மா வாங்கியிருக்கு. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக. பக்கவாதம் வந்த மனுஷன்.”

“சரி.”

“பின்னால உட்கார்ந்து மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சிருக்காரு. ஒரு திருப்பத்துல அது கையோட வந்துருச்சாம். மனுஷன் சரிஞ்சு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சுபோச்சு.”

தெய்வானையம்மாவின் கை நின்றது.

“அதுக்கு நான் என்னங்க பண்றது?” செங்கோடனின் குரல் ஏறியது. “வண்டியை நானா செஞ்சேன்? நான் ஒண்ணும் மறைக்கலை. ‘பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்’னு சொல்லியிருக்கேன். இப்பவும் வீடியோவுல இருக்கு. அவங்க காதுல வாங்காம விட்டா நானா பொறுப்பு? அவ்வளவு பிடிச்சுப்போய் அதே வண்டியை நானே வாங்கினேன். இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“கொஞ்சம்னா சொன்னீங்க?”

“கடுமையாப் பேசறதை நான் விட்டுட்டேன். கோபத்தை அடக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க.”

தெய்வானையம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்ததை அவன் அன்றுதான் பார்த்தான்.

“அடக்கச் சொன்னேனா?”

“கோபம் வந்தா அதை உட்கார்ந்து பாருங்கன்னு சொன்னீங்க.”

“அது நான் சொன்னதுதான். அந்த வண்டியில எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?”

“ஓட்டற சீட்லதாங்க. வேற எங்க?”

அவர் எழுந்து கையைக் கழுவினார்.

“வண்டியைக் காட்டுங்க.”

மாமரத்தடியில் அந்த வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. அதைப் பார்த்ததும் செங்கோடனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முன்கதவைத் திறந்து அவரை உள்ளே பார்க்கச் சொன்னான்.

“டேஷ்போர்டைத் தொட்டுப் பாருங்க. மெத்துன்னு இருக்கா? தையல் எவ்வளவு நேரா ஓடுது பாருங்க. இப்ப இந்தக் கதவை மூடறேன், சத்தத்தை மட்டும் கேளுங்க.”

கதவு ‘தொம்’ என்று மூடியது. பெரிய வண்டிக்கு உரிய சத்தம்.

“நல்லா இருக்கு,” என்றார் தெய்வானையம்மா. “பின்கதவு?”

மூடினான். தகர டப்பாவை மூடியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

“முன்னால ரெண்டு சுத்து ரப்பர் இருக்குங்க. பின்னால ஒண்ணுதான். இந்த விலைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.”

“சாவி குடுங்க.”

“எங்க போகணும்னு சொல்லுங்க, நான் ஓட்டறேன்.”

“நீங்க பின்னால உட்காருங்க.”

செங்கோடன் தயங்கினான். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியை இன்னொருவர் கையில் அவன் கொடுத்ததில்லை. ஆனாலும் கொடுத்தான். பின்னால் ஏறி இடது பக்கம் உட்கார்ந்தான். முழங்கால் முன்சீட்டின் முதுகில் இடித்தது. அங்கே மெத்து எதுவும் இல்லை. வெறும் பிளாஸ்டிக்.

“அந்தப் பெரியவருக்கு எந்தக் கை வராது?”

“தெரியலைங்க.”

“எழுதியிருக்குமே.”

செங்கோடன் செல்போனை எடுத்தான். ரெஜினா எழுதியதை அவன் கடைசி வரை படித்திருக்கவில்லை. ‘பொய்யன்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டிருந்தான். இப்போது படித்தான்.

“வலது கைங்க.”

தெய்வானையம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவன் வலது கையை உடம்போடு சேர்த்து வைத்துத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். சீட் பெல்ட்டையும் அவரே மாட்டிவிட்டார்.

“இது எதுக்குங்க?” அவனுக்கு எரிச்சலாக வந்தது. “நான் ஒரு கேள்வி கேட்டு வந்தேன்.”

“அதைத்தான் பார்க்கப் போறோம்.”

வண்டி ஆழியாறு அணை தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஏறியது. தெய்வானையம்மா நிதானமாகத்தான் ஓட்டினார். தோப்பிலிருந்த பழைய ஜீப்பை ஓட்டிப் பழகியவர்; கை தடுமாறவில்லை. வேகமும் இல்லை.

ஆனால் பின்னால் அது வேறு வண்டியாக இருந்தது.

ஜன்னல் விளிம்பு உயரமாக இருந்ததால் அணை அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் வானம் தெரிந்தது. முன்னால் ஓடிய ஏசிக் காற்று அவன் வரைக்கும் வரவில்லை. சாய்மானத்துக்குள் ஏதோ ஒன்று ‘கிறீச், கிறீச்’ என்று முனகிக்கொண்டே வந்தது. காலை நீட்ட இடமில்லை. ஒரு கை கட்டிக் கிடந்ததால் உட்கார்ந்த இடத்தில் சரியாக நகரவும் முடியவில்லை.

“எப்படிங்க இருக்கு?”

“பரவாயில்லைங்க,” என்றான். ரெஜினா எழுதியதை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசில்லை.

முதல் வளைவு வலப்பக்கம் திரும்பியது. கதவில் போய் ஒட்டிக்கொண்டான். கதவின் கைவைக்கும் மேடு விலாவில் குத்தியது.

அடுத்தது இடப்பக்கம். உடம்பு மறுபக்கம் இழுத்தது. ஊன்றிக்கொள்ள வலது கை இல்லை. இடது கையை உயர்த்தி, கூரையோரம் இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

‘சடக்’கென்றது.

கைப்பிடி கையோடு வந்தது. செங்கோடன் அப்படியே வலப்பக்கம் சரிந்தான். முன்சீட்டின் பிளாஸ்டிக் முனையில் கன்னம் மோதியது. கண்ணில் பொறி பறந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கட்டிய கைமேல் சரிந்து கிடந்தான். ஒரு கணம், இந்த வண்டி இனி நிற்கவே நிற்காது என்று பயம் வந்தது.

இடது கையை எங்கெங்கோ ஊன்றி எப்படியோ நிமிர்ந்தான். மேலே பார்த்தான். கைப்பிடி பிய்ந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. அதன் திருகுகள் இரும்பில் ஏறவில்லை. கூரைத் துணிக்குப் பின்னால் இருந்த அட்டையில் ஏறியிருந்தன. வெறும் அட்டையில்.

“பாவிங்களா,” என்றான். “அட்டையில மாட்டி வெச்சிருக்கான். மனுஷன் உயிரைப் புடிச்சுக்கற எடம் இது. முன்னால தையல் போடத் தெரியுது, மெத்தை வெக்கத் தெரியுது. பின்னால உட்கார்றவன் மனுஷன் இல்லையா? வயசானவனும் நோயாளியும் இங்கதானே உட்காருவான். இதையெல்லாம் வண்டின்னு விக்கறானே, இவனுக்கு வெட்கமா இல்லை?”

தெய்வானையம்மா கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார்.

“பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்,” என்றார்.

செங்கோடன் காலடியில் கிடந்த கைப்பிடியைப் பார்த்தான்.

வண்டி இன்னொரு வளைவைக் கடந்தது. அவன் எதையும் பிடிக்கவில்லை. பிடிக்க எதுவும் இல்லை. கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. அந்தப் பெரியவர் சரிந்து கிடந்தபோது யார் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்தான். ரெஜினாதான் ஓட்டியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை விட முடியாமல், திரும்பிப் பார்க்கவும் முடியாமல், அப்பாவின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு.

“நிறுத்துங்கம்மா.”

வளைவை ஒட்டி அகலமாக இருந்த ஓர் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். கீழே எங்கோ ஒரு லாரி மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தம்மா எழுதினது கம்மிங்க,” என்றான் செங்கோடன்.

தெய்வானையம்மா சீட்டில் திரும்பி அவனைப் பார்த்தார்.

“நான் வந்தப்ப இருந்த கோபம் இப்ப இல்லை. ஆனா அதைவிடப் பெருசா ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. இதை எப்படிங்க விடறது?”

“எதுக்கு விடணும்?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

தெய்வானையம்மா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். காலடியில் கிடந்த கைப்பிடியை எடுத்து, திருகில் ஒட்டியிருந்த அட்டைத் துணுக்கைப் பார்த்தார். அவர் உதடு இறுகியது. கைப்பிடியை அவனுடைய இடது கையில் கொடுத்தார்.

பிறகு சீட்டில் கிடந்த அவன் செல்போனை எடுத்து, கேமராவைத் திறந்து அவன் பக்கம் நீட்டினார்.

“எங்கங்க அமுக்கணும்?”

“அந்தச் சிவப்பு வட்டத்துல. கொஞ்சம் பொறுங்கம்மா, முகத்தைத் துடைச்சுட்டு முன்னால வந்து உட்கார்ந்துக்கறேன். அங்கதான் வெளிச்சம் நல்லா விழும். இந்தக் கட்டை மட்டும் அவுத்து விடுங்க.”

அவர் சிவப்பு வட்டத்தை அமுக்கினார்.

“கை அப்படியே இருக்கட்டும்,” என்றார். “பேசுங்க.”