பெருமலையின் தேயாத பல்

மெதுவாக் கேளு நாச்சி. உங்கப்பா ஹால்ல முறுக்கிக்கிட்டுப் படுத்திருக்கான். நாளைக்கு உன் சித்தப்பன் வைரவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரமாட்டானாம். தம்பிக்காரன் நேர்ல வந்து கூப்பிடாம, பத்திரிகையை வாட்ஸ்அப்புல அனுப்பிட்டானாம்.

சரி, ஒரு காட்டுல ஒரு வாலில்லாக் குரங்கு இருந்துச்சாம். பேரு பெருமலை. எந்திரிச்சு நின்னா நம்ம மாடித் தொட்டித் தண்ணிய எட்டிக் குடிக்கும். ஒவ்வொரு பல்லும் அம்மிக்குழவி கணக்கா. மூங்கிலக் குடுத்தா நறநறன்னு தூளாயிரும், ஆனா மெத்துன்னு கனிஞ்ச பழத்தத் தவிர எதையும் வாயில வைக்காது. அந்த வம்சமே இப்பப் பூமியில இல்ல.

"ம்."

அதுக்கு ஒரே மக, பொட்டு. அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்ச்சு, பழமரமெல்லாம் காஞ்சு போச்சு. ஆத்துக்கு அந்தப்பக்கம் செம்பட்டைன்னு ஒரு சின்னக் குரங்கு, பெருமலைக்குத் தம்பி முறை. அங்கயும் பழம் இல்ல. ஆனா தழை இருந்துச்சு, பட்டை இருந்துச்சு. அண்ணன் பசியா இருக்குமேன்னு மைனாகிட்டச் சொல்லிவிட்டுச்சு.

மைனா கீச்கீச்சுன்னு வந்து, "சாப்பிட வரச் சொன்னாக"ன்னுச்சு.

"சொல்லிவிட்டா வந்துருவேனா? அவனுக்குக் காலு இல்லையா?"

பொட்டு வயித்துல கடமுடன்னுச்சு. "அப்பா, பசிக்குது."

"பசிச்சா? நமக்குன்னு ஒரு முறை இருக்குல்ல."

அப்போ செம்பட்டையே சளக் சளக்குன்னு ஆத்தத் தாண்டி வந்துச்சு. "அண்ணே, சாப்பிட வாங்க."

"பொதுவாச் சொன்னா ஆச்சா? எம்மக பேரச் சொன்னியா?"

மறுநாளும் வந்துச்சு, பாவம். "அண்ணே, நீங்களும் வாங்க. பொட்டு, நீயும் வாத்தா."

"யானை வீட்டுக்குச் சொல்லிட்டுத்தான இங்க வந்த? மூத்தவன் நான் இருக்க, மொத அழைப்பு அங்கயா?"

"யானை வழியில நின்னுச்சுண்ணே."

பெருமலை திரும்பி உக்காந்துக்கிச்சு. செம்பட்டை தலையச் சொறிஞ்சுக்கிட்டு நடந்துச்சு. பின்னாடியே சளக் சளக்குன்னு சத்தம். பாத்தா, பொட்டு.

"உங்கப்பா வைவாரே கண்ணு."

"வையட்டும் சித்தப்பா. எனக்குக் கடைசிப் பந்தியே போதும்."

ம் சொல்லு. தூங்கிட்டியா?

"ம்... அதோட அப்பா?"

அடுத்த அழைப்புக்குக் காத்துக்கிட்டே இருந்துச்சு. இருந்துச்சு, இருந்துச்சு, அப்படியே மண்ணோட மண்ணாப் போச்சு. பொட்டு கிழவியாகித்தான் போய்ச் சேந்துச்சு. அதோட அந்த வம்சம் முடிஞ்சுது.

அப்புறம் ரொம்ப காலங் கழிச்சு, மண்ணத் தோண்டுனவங்களுக்கு ரெண்டு பல்லு கெடச்சுச்சாம். ஒண்ணு, தழையும் பட்டையும் மென்னு மென்னு தேஞ்சு வழவழன்னு கெடந்துச்சு. இன்னொண்ணு, சாமி குடுத்தது குடுத்தபடியே இருந்துச்சு. அதத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெல்வெட்டு விரிச்சு வச்சிருக்காங்க. இப்ப ஊரே வரிசையில வந்து, குனிஞ்சு மரியாதையாப் பாக்குது. என்ன பிரயோசனம்?

கதை ஆத்தத் தாண்டிப் போயிருச்சு, கண்ணு இமைக்குள்ள போகட்டும். தூங்கு நாச்சி.

"ஆத்தா." ஹால்ல கட்டில் கிரீச்சுன்னுச்சு. "வைரவன் ஊருக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

உன்னைய யாருப்பா கூப்பிட்டா? படு. காலையில எழுப்புறேன்.