யானை பிளேட்டும் சாணக் கூடையும்

காட்டுயிர் நிதிக்குப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் யானைப் படம் போட்ட நம்பர் பிளேட் கொடுத்தார்கள். எஸ்டேட் முதலாளி பொன்னுரங்கத்தின் காரிலும் அது மின்னியது. காட்டுச் சோதனைச் சாவடியில் பஸ்ஸும் ஜீப்பும் நின்ற வரிசையைத் தாண்டி வந்து ஹாரன் அடித்தார்.

“யானைக்கே படியளக்கிறவன் நான். முதல் மரியாதை எனக்குத்தான். கேட்டைத் திற, இல்லேன்னா உன் வேலை போயிடும்!”

காவலுக்கு நின்ற நஞ்சி கும்பிட்டாள். “தராம இருப்பமா சாமி? பிளேட் வாங்கினவங்கதான் யானை முகாம்ல முறை வச்சுச் சாணம் அள்ளணும். இன்னிக்கு முதல் கூடை உங்களுக்கு.” சாவடி ஓரம் கிடந்த கூடையை எடுத்து நீட்டினாள்.

முதலாளி வெள்ளை வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பதறினார். “ஐயையோ, நான் பைசா கட்டலை! இது கடையில வாங்கி ஒட்டின ஸ்டிக்கர்!”

பஸ் முழுக்கச் சிரித்தது.

“அப்போ ஓரங்கட்டுங்க சாமி. ரேஞ்சரய்யா வந்து அந்தப் பிளேட்டைக் கழட்டுவார்” என்ற நஞ்சி, பஸ்ஸுக்குக் கேட்டைத் திறந்துவிட்டாள்.