தூளி கட்டிய அலையாத்தி

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் அவற்றின் வேர்கள்தான் கால்கள். காட்டு மரம் ஈரம் தேடிக் காலை ஆழமாக ஊன்றும். ஆற்றங்கரை மரம் சோம்பேறி, மேலாகவே நீட்டிக்கொண்டு கிடக்கும். இடம் பிடிக்காவிட்டால் காலை உருவிக்கொண்டு வேறு ஊர் பார்க்கப் போய்விடும்.

கடலோரச் சேற்றுக்குள் காற்றே கிடையாது. அங்கே துணிந்து நின்றது அலையாத்தி ஒன்றுதான், அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில். தண்ணீர் ஏறினால் மூச்சு முட்டும். காலைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு ஓடிவிடும்.

அந்தச் சேற்றில் நண்டு பிடித்துப் பிழைத்தவள் காத்தாயி. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது கைக்குழந்தை பவளம் மட்டும். சேற்றில் பிள்ளையை எங்கே கிடத்துவது? ஒருநாள் அலையாத்தியின் கிளையில் பழம்புடவையால் தூளி கட்டினாள்.

"அண்ணே, தண்ணி ஏறுனாலும் நான் வர்ற வரைக்கும் காலை எடுத்துராதே. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"தாய்மாமன் நான் இருக்கேன், போய்ட்டு வா தங்கச்சி" என்றது மரம். மனதாரத்தான் சொன்னது. தூளியை ஆட்டியும் விட்டது.

அன்று நண்டு அகப்படவில்லை. காத்தாயி தூரமாகப் போய்விட்டாள். கடலோ சீக்கிரமே ஏறிவிட்டது. அவள் ஓடி வந்தாள், சேறு ஓட விட்டால்தானே? தொடைவரை புதைந்து, "வந்துட்டேண்ணே, நின்னுக்க!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

மரத்துக்கு அது கேட்டது. ஆனால் சேற்றுக்குள் வேர்கள் திணறின, கண் இருட்டியது. ஒரே ஒரு மூச்சு வாங்கிவிட்டு ஊன்றிக்கொள்ளலாம் என்று காலைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து வந்த அலை அதைச் சாய்த்தது. மரம் நிமிர்ந்தபோது கிளையில் வெறும் தூளிதான் தொங்கியது.

"அண்ணே, எம்புள்ள எங்கே?"

"மூச்சு முட்டிருச்சு தங்கச்சி. ஒரே ஒரு மூச்சுக்குத்தான்..."

"எம்புள்ளைக்கு மூச்சு வேண்டாமா?"

காத்தாயி சேற்றைக் கையால் வாரி வாரித் தேடினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கரைக்குப் போ என்று மரம் கெஞ்சியது. அவள் போகவில்லை. பிறகு அவளும் இல்லை.

பாவி மரம் அதன் பிறகு கரைக்குத் திரும்பவே இல்லை. சேற்றுக்குள் நாலாபக்கமும் வேர்களை விட்டுத் துழாவியது. மூச்சு முட்டினால் வேர்நுனியை மட்டும் மேலே நீட்டிக் காற்று வாங்கியது, மறுபடி துழாவியது. குடித்ததெல்லாம் கடல்நீர். அழுத உப்பு இலைகளில் படிந்தது. அதைப் பார்த்த மற்ற மரங்கள், காலைத் தூக்கினால் தங்களுக்கும் இந்தக் கதிதான் என்று பயந்துபோய், நின்ற இடத்திலேயே காலைப் புதைத்துக்கொண்டன.

பவளம் கிடைக்கவில்லை. இனியும் கிடைக்கப்போவதில்லை. அது மரத்துக்கும் தெரியும்.

அன்று முதல்தான், சேற்றுக்கு மேலே விரல் விரலாக வேர்களை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, எந்தக் கடல் ஏறினாலும் காலை எடுக்காமல் நிற்கிறது அலையாத்தி.