கோழிக்கு வாங்கிய பொடி

மேலக்கரம்பையில் பிராய்லர் கோழி வளர்த்த மாசிலாமணிக்கு இரண்டு கூட்டாளிகள், சிங்காரவேலுவும் அடைக்கலமும். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தால் அரை ஆள் யோசனை தேறும்.

அந்த ஊர் போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான். போன முறை விட்ட குஞ்சுகள் கழிந்து கழிந்தே செத்தன. இந்த முறையும் செத்தால் தன் தம்பியின் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்று மாசிலாமணியின் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். மச்சானிடம் கைகட்டி நிற்க மனமில்லாமல் அவன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

கால்நடை டாக்டரம்மா ஒரு மூட்டை சத்துப் பொடி கொடுத்தார்.

"உப்புத் தண்ணி குடிக்கிற கோழிக்குத்தான் இது. தீவனத்துல கலந்து போடுங்க, தாங்கிக்கும்."

சொன்னபடியே போட்டார்கள். கோழிகள் மளமளவென்று எடை ஏறின.

இருபதாம் நாள் அடைமழை கொட்டி, கோழிகளுக்குத் தண்ணீர் விடும் திறந்த தொட்டி நிரம்பிவிட்டது. அடைக்கலம் ஒரு வாய் குடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இளநி மாதிரி இருக்கு. துளி உப்பு இல்ல."

"அப்ப பொடி?" என்றான் மாசிலாமணி.

"அது உப்புத் தண்ணி குடிக்கிற கோழிக்குல்ல கொடுத்தது," என்றான் சிங்காரவேலு. "நல்ல தண்ணி குடிக்கிற கோழி அதத் தின்னா என்ன ஆவும்னு டாக்டரம்மா சொல்லலியே."

மழையில் நனைந்தபடியே யோசித்தார்கள். பொடியை நிறுத்தப் பயம். போடவும் பயம். கடைசியில் மாசிலாமணி போய் இரண்டு மூட்டை உப்பு வாங்கி வந்தான். பழைய ருசி வந்துவிட்டதா என்று பார்ப்பது அடைக்கலத்தின் பொறுப்பு. பிறந்ததிலிருந்து போர்வெல் தண்ணீர் குடித்து மரத்துப்போன நாக்கு அது. "இன்னும் கொஞ்சம்" என்று அவன் சொல்லச் சொல்ல இரண்டு மூட்டையும் தொட்டிக்குள் போய்விட்டது.

கோழிகள் ஒரு வாய் வைத்துவிட்டு விலகின. சாயங்காலத்துக்குள் தாகத்தில் தலையைத் தொங்கப் போட்டன. பதறி வந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொடியும் வேணாம், உப்பும் வேணாம். கூரையில வடியிற மழைத் தண்ணியப் பிடிச்சு வையுங்க. தொட்டித் தண்ணிய மண்ணுல ஊத்திடாதீங்க, நிலம் கெட்டுப்போவும்."

மழைத் தண்ணீர் வைத்ததும் கோழிகள் முண்டியடித்துக் குடித்தன. மறுநாள் காலையில் தீவனமும் கொத்தின. மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்கே தொட்டித் தண்ணீரை டிரம்களில் பிடித்து, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். கடலை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குடித்துப் பார்த்ததில்லை. அடைக்கலம் பழக்கதோஷத்தில் ஒரு கை அள்ளிக் குடித்தான். குடித்தவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, கரிக்குது."

"கொட்டின எடத்துல மட்டுமா?"

அடைக்கலம் கரையோரமாக அரை மைல் நடந்து, அங்கங்கே குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"எல்லா எடத்துலயும்."

மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோழியாவது நாற்பது நாளில் லாரி ஏறிவிடும். மீன் எங்கே போகும்? வீட்டுக்கு டிராக்டரை விரட்டி, மிச்சமிருந்த பொடியைத் தீவனத்தில் கலந்து எடுத்து வந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசினான்.

சற்றுத் தள்ளி ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"மருந்து கேக்குதுண்ணே," என்றான் சிங்காரவேலு.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு கைப்பிடித் தீவனத்தோடு அடைக்கலத்தின் பக்கம் திரும்பினான்.

"நீயும் அரை மைலுக்குக் குடிச்சிருக்க. வாயத் திற."

அடைக்கலம் திறந்தான்.