தண்ணீர் தாங்கும் போனும் தாமரை இலையும்

குளத்தின் பக்கம் சாய்ந்த ஒரு கருவேல மரம். அதன் தாழ்ந்த கிளையில் நீர்க்காகம் கரியப்பன் கூடு கட்டியிருந்தது. கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள்.

மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கூடு முழுகிவிடும். அதனால், "ஏரி நிரம்பினா உடனே போன் பண்ணு மாமா!" என்று அங்கிருந்த கொக்கிடம் சொல்லிவைத்தது கரியப்பன். அதற்கென்றே புதுப் போனும் வாங்கியது.

போனா அது! முதுகெல்லாம் கண்ணாடி, முகம் பார்க்கலாம். போதாக்குறைக்குத் தண்ணீரும் தாங்குமாம்!

மேல் பொந்தில் இருந்த அணில் கொறிச்சியிடமும் ஒரு போன் உண்டு. சொரசொரத்த பிளாஸ்டிக் முதுகு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. தாமரை இலையில் சுருட்டி வைத்திருந்தது.

"இதென்ன தங்கச்சி, போனா, கட்டுச்சோறா?" என்று சிரித்தது கரியப்பன்.

"சொரசொரப்பு இருந்தா வழுக்காது அண்ணே. மழைக்கு இலை இருக்கு!"

"என் போனுக்கு இலையும் வேணாம், கிளையும் வேணாம். பாரு வேடிக்கையை!"

தொபுக்கடீர்! போனோடு முங்கி, போனோடு எழுந்தது. "இன்னொரு தடவை!" என்று தவளைகள் கத்தின. கேட்டபின் சும்மா இருக்குமா? முங்கலோ முங்கல்! ஒருமுறை போன் வழுக்கிப் பாறையில் விழுந்து, விளிம்பில் விரிசல் விட்டது.

"மயிரிழை விரிசல்தானே!" என்று மறுபடியும் முங்கியது.

பிறகு வழக்கம்போல் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்தது. போனையும் பக்கத்தில் காயப்போட்டது. போன் கண்ணே திறக்கவில்லை.

"பாவம், தூங்குது!" என்று விட்டுவிட்டது.

மறுநாள் பேய்மழை. தாமரை இலைக்குள் மணி அடித்தது. கொறிச்சி அலறிக்கொண்டு இறங்கியது.

"அண்ணே! ஏரி வழியுதாம்! உனக்குப் போட்டா போன் போகலையாம். அதான் கொக்கு மாமா எனக்குப் பண்ணியிருக்கு!"

"ஐயோ, என் குஞ்சுங்க!" கரியப்பன் கூட்டுக்குப் பாய்ந்தது. ஒவ்வொன்றாக அலகில் தூக்கி உச்சிக்கிளைக்கு ஓடியது. கடைசிக் குஞ்சை வைத்துவிட்டுத் திரும்பினால், கீழே கூட்டைக் காணோம்! வெள்ளம்தான் ஓடியது.

குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கரியப்பன் அழுதேவிட்டது. "தண்ணி தாங்கும்னுதானே சொன்னாங்க தங்கச்சி?"

"தண்ணியைத் தாங்கும் அண்ணே. உன் பீத்தலைத் தாங்குமா?"

ஆபத்துக்கென்று இருக்கும் பலத்தை ஆர்ப்பாட்டத்தில் கரைத்தவனுக்கு, ஆபத்து வரும் நாளில் வெறுங்கைதான் மிஞ்சும்.