செங்கோடனின் இரண்டாவது பூஜ்யம்

திரையில் மின்தடைக் கோடு இறங்கி இறங்கிப் போய்ப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. செங்கோடனுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வராதா பின்னே? போன தடவை இதே மாதிரி பூஜ்யம் வந்ததும் மனுஷர் துறை முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். பிறகு சில்லை வெளியே எடுத்துப் பார்த்தால், மின்சாரம் போகிற கம்பி அறுந்து கிடந்தது. மின்சாரமே ஓடாத அறுந்த கம்பிக்கு நுண்ணலையைப் போட்டால் என்ன, அணைத்தால் என்ன, திரையில் எப்போதும் பூஜ்யம்தான். இன்றைக்கும் கேன்டீனில் அவர் பெயர் லட்டு சார்.

நகத்தளவு குறைகடத்திச் சில்லு அது. உள்ளே எலக்ட்ரான்கள் ஒரே ஒரு மெல்லிய அடுக்கில் ஓடும், மேலே கீழே நகர வழி கிடையாது. அதைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, காந்தப்புலத்தில் நிறுத்தி, நுண்ணலையைப் பாய்ச்ச வேண்டும். காந்தத்தைக் கூட்டக் கூட்ட மின்தடை அலை அலையாக ஏறி இறங்கும். சில இடங்களில் இல்லாமலே போய்விடும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றுகிற அதே அலை பட்டுத் தடை மறைவதாவது! அதைக் கண்ணால் பார்க்கத்தான் ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், நாற்பத்தாறு வயதில் சம்பளமில்லாத விடுப்பு போட்டு ஆய்வுக்கு வந்தார். விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. ஹீலியம் இன்னும் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த குடுவைக்கு இந்த வருஷம் வழியில்லை.

பேராசிரியர் பூங்கோதை வந்து நின்றார். செங்கோடனைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் இவர் எழுந்துகொண்டார்.

"மேடம், இது நிஜம்தான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

பூங்கோதை நுண்ணலைப் பெட்டியின் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"ஐயோ, வேண்டாங்க. அணைச்சா இது போயிருங்க."

"போகட்டுமே."

"பழைய பெட்டிங்க மேடம். திரும்பப் போட்டா வருமோ என்னமோ. ஹீலியமும் அடியில கிடக்குது. கையில கிடைச்சதை வச்சு எழுதிரலாங்க."

"லட்டு வாங்கியாச்சா சார்?"

சுருக்கென்றது.

"இல்லீங்க."

"ஏன்?"

செங்கோடன் திரையைப் பார்த்தார். பூஜ்யம் அப்படியே இருந்தது.

பூங்கோதை கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க பூஜ்யம். நீங்களே அணைங்க."

ஹீலிய அளவைக் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை கல்லூரியில் கேட்பார்கள், என்ன சார் கிழித்துவிட்டு வந்தீர்கள் என்று. வீட்டில் மனைவி கேட்கக்கூட மாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டம். அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

கண்ணைத் திறந்தபோது கோடு அசையவில்லை.

அறுந்த கம்பி கண் முன்னால் வந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் மறுபடியும் ஒரு துண்டுக் கம்பிக்குத்தானா என்று நினைத்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கோடு மெல்ல எழுந்தது. விடாமல் ஏறி, பழைய தடையில் போய் நின்றது.

இவ்வளவு பாடுபட்டு வரவழைத்தது, தன் கையாலேயே போய்விட்டது.

"போயிருச்சுங்க மேடம்."

"போச்சு இல்ல? அப்ப இருந்திருக்கு."