மலையணிலின் மஞ்சள் கொடி

கூனல்மலைக் காட்டில் ஒரு மலையணிலும் ஒரு கரடியும் ஜோடியாக மலைச் சைக்கிள் ஓட்டிவந்தன. அணிலின் பெயர் வெடுக்கன். பேருக்கேற்ற ஆள்தான், நின்ற இடத்தில் நிற்கமாட்டான். கரடியின் பெயர் பொதியன்.

பொதியனுக்குக் கண் பார்வை மங்கல். கரடி இனத்துக்கே அப்படித்தான். ஆனால் பலம் இருக்கிறதே, அப்பப்பா! எவ்வளவு செங்குத்தான மேடு வந்தாலும் முனகாமல் மிதிப்பான். வெடுக்கனுக்கோ கண் கூர்மை, உடம்பில் கனமே கிடையாது. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், ஒட்டுப்போடும் பசை, இருவருக்கும் வேண்டிய தண்ணீர் எல்லாம் பொதியனின் முதுகுப் பையில் இருக்கும். வெடுக்கன் முன்னால் போய் வழியைப் பார்த்துக் குரல் கொடுப்பான்.

"வேரு!" என்று வெடுக்கன் கத்துவான். பொதியன் முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டுவான்.

"இடது பக்கம் பாறை!" என்பான். பொதியன் வலது பக்கம் ஒதுங்குவான்.

"உன் குரல்தான்டா எனக்குக் கண்ணு. அது கேக்கலேன்னா நான் நின்ன இடத்துலேயே நின்னுடுவேன், ஆமா!" என்று பொதியன் அடிக்கடி சொல்வான்.

"நான் எங்கண்ணே போகப்போறேன்? இவன் வாய் ஓயாதான்னு காடே திட்டுது!" என்பான் வெடுக்கன். இருவரும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் உலக நாட்டு மிருகங்களின் மலைச் சைக்கிள் பந்தயம் கூனல்மலையில் நடக்கும் என்று முடிவானது. அது ஜோடிப் பந்தயம். ஜோடியில் இரண்டாவது ஆள் எப்போது முடிவுக் கோட்டைத் தொடுகிறாரோ, அதுதான் ஜோடியின் நேரம். ஒருவர் மட்டும் பறந்து வந்து பிரயோஜனம் இல்லை. ஜெயிக்கும் ஜோடியைப் பனிநாட்டுக்கு அழைத்துப்போவார்கள்.

பொதியனுக்கு இதைக் கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. அவனுக்குப் பனியைத் தொடவேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஏன் தெரியுமா? தேனுக்காகக் கூட்டில் கைவிட்டுக் கைவிட்டு அவன் உள்ளங்கை எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். ஓடைத் தண்ணீரில் எத்தனை நேரம் வைத்தாலும் எரிச்சல் அடங்காது. குளிர்காலத்துக்கு வந்துபோகும் வாலாட்டிக் குருவி ஒன்று சொல்லியிருந்தது, "பனியிலே கையை வெச்சுப் பாருங்க, எரிச்சல் இருந்த இடமே தெரியாது!" என்று.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையை உள்ளே விட்டுப் பாத்துடணும்டா தம்பி," என்பான் பொதியன்.

"விட்டுடலாம்ணே! ரெண்டு கையையும் விட்டுடலாம்!" என்று வெடுக்கன் வாக்குக் கொடுத்தான்.

பந்தய நாள் வந்தது. ஒட்டகங்கள், கங்காருக்கள், நரிகள், பனிமலை ஆடுகள் என்று ஏகப்பட்ட ஜோடிகள் வந்து குவிந்தன. பளபளக்கும் சைக்கிள் என்ன, சட்டை என்ன! மைனா ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னது. கடைசியில், "மலை முகட்டில் மஞ்சள் கொடி ஒன்று நட்டிருக்கிறோம். முதலில் ஏறுகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். இது ஜோடிக்கு இல்லை, ஒருவருக்கு மட்டும்!" என்றது.

"கொடி நமக்கு எதுக்குடா? நமக்குப் பனிதான்," என்றான் பொதியன்.

"ஆமாண்ணே," என்றான் வெடுக்கன். ஆனால் அவன் கண் முகட்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்பியது.

பக்கத்தில் நின்ற பனிமலைக் கடா வெடுக்கனை மேலும் கீழும் பார்த்தது. "ஏம்பா அணிலு, காத்து மாதிரி இருக்கியே! இந்த மூட்டையை ஏன் இழுத்துக்கிட்டுத் திரியறே? தனியா விட்டா உன்னை யாராலே பிடிக்க முடியும்?"

'அது மூட்டை இல்லை, என் அண்ணன்' என்று வெடுக்கன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா? ஈ என்று இளித்துக்கொண்டு நின்றான். பொதியன் காதில் அது விழாமலா இருக்கும்? அவன் குனிந்து வெடுக்கனின் டயரை அழுத்திப் பார்த்துக் காற்று சரியாக இருக்கிறதா என்று சோதித்தான்.

யானை பிளிறியது. பந்தயம் தொடங்கியது!

முதல் பாதி அருமையாகப் போயிற்று. "வேரு! சறுக்கல்! பாறை! குனிண்ணே, கிளை!" என்று வெடுக்கன் கத்திக்கொண்டே போனான். பொதியன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான். ஒட்டகங்களைத் தாண்டினார்கள். ஓடையில் கங்காருக்கள் தடுமாறியபோது பொதியன் வெடுக்கனையும் சைக்கிளையும் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தான். கடைசி மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் ஆடுகள் மட்டும்தான்.

"தம்பி, இதே மாதிரி போனா போதும். இறக்கத்துல அதுங்களைப் பிடிச்சுடலாம். அவசரப்படாதே!" என்றான் பொதியன்.

வெடுக்கன் அண்ணாந்து பார்த்தான். முகட்டில் மஞ்சள் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கடாவுக்கு மூச்சு வாங்குவதும் தெரிந்தது. 'ஓடிப்போய் எடுத்துட்டுத் திரும்பி வந்துடலாம். அண்ணன்கிட்டே சொன்னா வேண்டாம்பான். சொல்லாமலே போயிட்டு வந்துடுவோம்' என்று நினைத்தான். புத்தி கெட்டால் இப்படித்தான்! எழுந்து நின்று மிதித்தான். வாய் ஓயாத வெடுக்கன் அன்றைக்குத்தான் வாயை மூடினான்.

கடாவைத் தாண்டினான். கொடியைப் பிடுங்கினான். முகட்டில் கூடியிருந்த பறவைகள் எல்லாம் ஆரவாரம் செய்தன. "கூனல்மலை வெடுக்கன்! கூனல்மலை வெடுக்கன்!" என்று மைனா கூவியது. வெடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே திரும்ப வேண்டியவன், கொடியை ஆட்டிக்கொண்டு அங்கேயே ஒரு சுற்று சுற்றினான். இன்னும் ஒரு சுற்று சுற்றினான். அப்போது 'உஸ்ஸ்...' என்று ஒரு சத்தம் கேட்டது. முன்சக்கரத்தில் முள்!

முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனான். பம்பும் பசையும் டியூபும் அண்ணனிடம் அல்லவா இருக்கின்றன?

'எப்படியும் ஏறி வந்துடுவான்' என்று உட்கார்ந்தான். ஆடுகள் ஜோடியாக வந்தன, போயின. கங்காருக்கள் போயின. "எங்கேப்பா உன் கூட்டாளி?" என்று கேட்டுக்கொண்டே ஒட்டகங்களும் போயின. வெடுக்கனுக்குக் கொடி கையில் கனத்தது.

கடைசியாக வந்த நரி ஜோடி நின்றது. "நீதான் வெடுக்கனா? கீழே பள்ளத்துலேர்ந்து யாரோ உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே இருக்காங்களே!" என்றது ஒரு நரி.

அப்போதுதான் வெடுக்கனுக்கு உறைத்தது. குரல் கேட்காவிட்டால் நின்றுவிடுவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தானே! சைக்கிளைப் போட்டுவிட்டு விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினான்.

நடந்தது இதுதான். திடீரென்று குரல் நின்றுபோனதும் பொதியன் நின்றான். "தம்பி!" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. வெடுக்கன் தன்னை விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கண் சரியாகத் தெரியாத அந்த ஆள், தடவித் தடவிப் பள்ளத்துக்குள் இறங்கினான். பாசி வழுக்கியது. பாறையில் மோதிப் பின்னங்கால் முறிந்தது. முறிந்த காலோடும் புதர் புதராக விலக்கித் தேடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே!" என்று கத்தினான் வெடுக்கன்.

பொதியன் குரல் வந்த திசையில் திரும்பினான். "வந்துட்டியாடா! அடி கிடி பட்டுச்சா?"

"இல்லண்ணே."

"அப்பாடா!" என்று பொதியன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பயந்தே போயிட்டேன்டா. கையிலே என்னமோ மஞ்சளாத் தெரியுதே?"

வெடுக்கன் கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பிறகு, "கொடிண்ணே," என்றான்.

பொதியன் கையை நீட்டிக் கொடியைத் தடவிப் பார்த்தான். அப்புறம் சொன்னான், "முதல்லே ஏறிட்டியா? கெட்டிக்காரன்டா நீ!"

திட்டியிருந்தால்கூட வெடுக்கனால் தாங்கியிருக்க முடியும். அவன் வாய்விட்டு அழுதான்.

பொதியன் நொண்டி நொண்டி நடக்க, இருவரும் கீழே வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டை அழித்துவிட்டிருந்தார்கள். பந்தலையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகள்தான் ஜெயித்திருந்தன. பொதியனின் கால் கோணலாகக் கூடியது. அதன்பிறகு அவனால் சைக்கிள் ஏறவே முடியவில்லை.

அடுத்த வருஷம் பனிநாட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே நடக்கும் பந்தயத்துக்குக் கொடி எடுத்த வெடுக்கனை மட்டும் அழைத்தார்கள். வேறு ஜோடி அவர்களே தருவார்களாம். "நான் போகலே," என்றான் வெடுக்கன்.

"போடா பைத்தியக்காரா! போயிட்டு வா. பனி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு வந்து சொல்லு," என்று பொதியன்தான் விரட்டி அனுப்பினான்.

வெடுக்கன் போனான். ஒரு மரநாயோடு சேர்ந்து ஓட்டினான். வேர் வந்தால் வாய் தானாக "வேருண்ணே!" என்றது. "எனக்குக் கண்ணு தெரியும்பா, சும்மா வா!" என்று மரநாய் சிடுசிடுத்தது. கடைசிக்கு ஒரு இடம் முன்னால் வந்தார்கள். வெடுக்கனுக்கு அது பெரிதாகப் படவே இல்லை. பந்தயம் முடிந்ததும் ஒரு மூங்கில் குழாய் நிறையப் பனியை அள்ளி, இலையால் இறுக்கி மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

"அண்ணே, பனி கொண்டாந்திருக்கேன்! கையை நீட்டு!" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

பொதியன் குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினான். வெடுக்கன் இலையைப் பிரித்துக் குழாயைச் சாய்த்தான். வந்தது தண்ணீர். வழியெல்லாம் வெயிலில் காய்ந்து வெதுவெதுவென்றிருந்த வெறும் தண்ணீர்.

வெடுக்கன் திகைத்து நின்றான். பொதியன் ஈரக் கைகளை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்தான். மங்கிய கண்ணால் வெடுக்கன் நின்ற பக்கம் பார்த்துச் சிரித்தான்.

"அடடா, எவ்வளவு சில்லுனு இருக்குடா தம்பி! எரிச்சலே போயிடுச்சு!"

கூட வருபவரை நடுவழியில் விட்டுவிட்டு முந்துகிறவனுக்குக் கொடி கிடைக்கலாம். விட்டுப்போனது மட்டும் திரும்பக் கிடைக்காது.